செங்குத்து நிரப்பி: நிரூபணத்தை எண்களில் ஓட்டிப் படிக்கும் முறை

நேரியல் இயற்கணிதத்தில் செங்குத்து நிரப்பி (ஓர் உள்வெளியில் உள்ள எல்லா வெக்டர்களுக்கும் செங்குத்தானவற்றின் தொகுப்பு) வரைக்கும் வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் கணக்கு மட்டும் போடுவார்கள்: அணியை எழுது, ஏறுபடி வடிவத்துக்கு (ஒவ்வொரு நிரையின் முதல் சுழியற்ற உறுப்பும் மேல் நிரையினதற்கு வலப்பக்கம் வரும் வடிவத்துக்கு) கொண்டுவா, விடையைக் கட்டம் கட்டு. இன்னொரு சாரார் நிரூபணங்களை வரிவரியாக மனப்பாடம் செய்வார்கள். முதல் சாராரிடம் “நிரப்பியின் நிரப்பி ஏன் பழைய உள்வெளியாகவே திரும்பி வருகிறது?” என்று கேட்டால் பதில் வராது. இரண்டாம் சாராரிடம் இரண்டு வெக்டர்களைக் கொடுத்து நிரப்பியைக் கேட்டால் எங்கே தொடங்குவது என்று விழிப்பார்கள்.

இந்தப் பாடத்தில் அப்படிப் பக்கம் பிரிய வேண்டிய அவசியமே இல்லை. இங்குள்ள முக்கியமான நிரூபணங்கள் எல்லாம் செய்முறைகள்தாம்; எண்களைப் போட்டால் ஓடும். ஒரு நிபந்தனையைக் கழற்றிவிட்டால் எந்த வரியில் நின்றுபோகும் என்பதையும் எண்களே காட்டிவிடும். ஆகவே ஒவ்வொரு நிரூபணத்தையும் ஒருமுறை எண்களில் ஓட்டுங்கள், பிறகு ஒருமுறை உடைத்துப் பாருங்கள்.

குறியீடு: முழு வெளி வ, அதன் உள்வெளி (கூட்டினாலும் எண்ணால் பெருக்கினாலும் தனக்குள்ளேயே நிற்கும் தொகுப்பு) உ, நிரப்பி உ⊥. வெக்டர்கள் க, ச, ப, ம. உட்பெருக்கம் ⟨க, ச⟩. வேறு சொல்லாத இடங்களில் இது வழக்கமான புள்ளிப் பெருக்கம்தான்: ஒத்த உறுப்புகளைப் பெருக்கிக் கூட்டுவது; 0 வந்தால் இரண்டும் செங்குத்து. உ-வில் உள்ள ஒவ்வொரு வெக்டருக்கும் செங்குத்தாக இருக்கும் வெக்டர்களின் தொகுப்பே உ⊥. இந்த வரையறையில் “ஒவ்வொரு” என்ற சொல்லுக்கு அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நிரூபணத்தில் பாதித் தவறுகள் அந்தச் சொல்லை விட்டுவிடுவதால் வருகின்றன.

முதல் கணக்கு 4 பரிமாணத்தில் இருக்கட்டும்

2 பரிமாணத்தில் பழகுவது ஆபத்து. அங்கே ஆதி வழியாகச் செல்லும் இரண்டு கோடுகள் செங்குத்தாக இருந்தாலே அவை ஒன்றுக்கொன்று நிரப்பி. அதனால் “செங்குத்து என்றால் நிரப்பி” என்ற தவறான கருத்து மனத்தில் ஒட்டிக்கொள்ளும். 3 பரிமாணத்துக்குப் போனால் அது உடனே உடைகிறது. அறையின் தரையும் சுவரும் செங்குத்து என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் தரைத் தளத்தின் நிரப்பி சுவர் அல்ல. இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஒரு வெக்டரை எடுத்தால் அது தரையிலும் இருக்கிறது, சுவரிலும் இருக்கிறது, தனக்குத் தானே செங்குத்தாக இல்லை. தரையின் நிரப்பி மேல்நோக்கிய ஒற்றைக் கோடு மட்டுமே. 2 பரிமாணமுள்ள உள்வெளிக்கு 2 பரிமாண நிரப்பி வேண்டுமானால் முழு வெளிக்கு 4 பரிமாணம் வேண்டும். படம் வரைய முடியாத இடம் என்பதால்தான் அது நல்ல பயிற்சிக் களம்: கண்ணை நம்ப முடியாது, வரையறையைத்தான் நம்ப வேண்டும்.

க = (1, 2, 0, 1), ச = (0, 1, 1, −1). இவை உருவாக்கும் உள்வெளி உ. உ⊥ காண்க.

இந்த இரண்டு வெக்டர்களையும் ஓர் அணியின் நிரைகளாக எழுதுங்கள். தெரியாத வெக்டர் (ய₁, ய₂, ய₃, ய₄) இரண்டு நிரைகளுக்கும் செங்குத்தாக இருக்க வேண்டும்:

ய₁ + 2ய₂ + ய₄ = 0
ய₂ + ய₃ − ய₄ = 0

அணி ஏற்கெனவே ஏறுபடி வடிவத்தில் இருக்கிறது. ய₃, ய₄ இரண்டும் கட்டற்ற மாறிகள். இரண்டாம் சமன்பாட்டிலிருந்து ய₂ = ய₄ − ய₃. அதை முதலாவதில் போட்டால் ய₁ = 2ய₃ − 3ய₄. முதலில் ய₃ = 1, ய₄ = 0 என்று வைத்தால் ப = (2, −1, 1, 0). பிறகு ய₃ = 0, ய₄ = 1 என்று வைத்தால் ம = (−3, 1, 0, 1). இவ்விரண்டும் உ⊥-இன் அடுக்களம், அதாவது அந்த உள்வெளி முழுவதையும் உருவாக்கும், ஒன்றையொன்று சாராத வெக்டர்கள்.

நான்கு புள்ளிப் பெருக்கங்களையும் போட்டுப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். க·ப = 2 − 2 = 0. ச·ப = −1 + 1 = 0. க·ம = −3 + 2 + 1 = 0. ச·ம = 1 − 1 = 0. அரை நிமிட வேலை. குறித் தவறு இருந்தால் இங்கேயே பிடிபடும்.

ப·ம = −7 என்பதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். பதற ஒன்றுமில்லை. உ-வில் உள்ளதும் உ⊥-இல் உள்ளதும்தான் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும். உ⊥-க்குள் இருக்கும் இரண்டு வெக்டர்கள் தமக்குள் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம்.

இந்தக் கணக்கில் அதிகம் நடக்கும் பிழை, வெக்டர்களை நிரல்களாக எழுதிவிட்டு அந்த அணியின் சுழிவெளியைத் தேடுவது. (சுழிவெளி என்பது அணியால் பெருக்கினால் சுழி வெக்டராகும் வெக்டர்களின் தொகுப்பு.) மேலே உள்ள கணக்கில் அப்படிச் செய்தால் விடையில் 4 உறுப்புகளுக்குப் பதில் 2 உறுப்புகள் வரும், உடனே தெரிந்துவிடும். சதுர அணியில் அந்த எச்சரிக்கை கிடைக்காது. (1, 2), (3, 6) என்ற வெக்டர்களை நிரல்களாக எழுதினால் சுழிவெளியில் (3, −1) கிடைக்கும். பார்க்க ஒழுங்கான விடை போலவே இருக்கும். (1, 2)-உடன் பெருக்கினால் 3 − 2 = 1. சரியான விடை (2, −1). அணியின் நிரைவெளிக்கு நிரப்பி அதன் சுழிவெளி. நிரல்வெளிக்கு நிரப்பி, நிரை நிரல் மாற்று அணியின் சுழிவெளி. இதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டாம். அணியையும் வெக்டரையும் பெருக்கும்போது ஒவ்வொரு நிரையும் அந்த வெக்டருடன் புள்ளிப் பெருக்கம் ஆகிறது என்ற ஒரே செய்திதான் அது.

கணக்கு போட்டபோதே நீங்கள் பயன்படுத்திய நிரூபணம்

அடுக்கள வெக்டர்கள் இரண்டுக்கு மட்டும்தான் சமன்பாடு எழுதினோம். உ-வில் முடிவில்லாத வெக்டர்கள் இருக்கின்றனவே, அவற்றுக்கெல்லாம் என்ன சமாதானம்? இந்தக் கேள்வி எழாமல் கணக்கை முடிப்பவருக்கு நிரூபணம் வெறும் சடங்காகத்தான் தெரியும். பதில் ஒரே வரி: ஒரு வெக்டர் க-வுக்கும் ச-வுக்கும் செங்குத்தாக இருந்தால், அதை 5க − 3ச-உடன் பெருக்கினாலும் 5·0 − 3·0 = 0 வரும். 5, −3 என்ற இடத்தில் எந்த எண்ணையும் வைக்கலாம் என்று எழுதினால் அதுவே முழு நிரூபணம்.

உ⊥ ஓர் உள்வெளி என்பதும் இதே உட்பெருக்கத்தின் நேரியல் பண்புதான், ஆனால் மறு பக்கத்தில். நிரப்பி காண நாம் எடுக்கும் தொகுப்பு உள்வெளியாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே ஒரு வெக்டரை எடுத்தாலும் அதற்குச் செங்குத்தானவை எல்லாம் சேர்ந்து உள்வெளிதான். உ-வை எ என்ற இன்னோர் உள்வெளி உள்ளடக்கினால் எ⊥-ஐ உ⊥ உள்ளடக்கும் என்பதை இங்கேயே எழுதிப் பழகிவிடுங்கள். நிபந்தனை கூடக்கூட, அவற்றை நிறைவு செய்பவை குறையும், அவ்வளவுதான்.

உ-வுக்கும் உ⊥-க்கும் பொதுவானது சுழி வெக்டர் மட்டுமே என்பதன் நிரூபணமும் ஒரே வரி: இரண்டிலும் இருக்கும் வெக்டர் தனக்குத் தானே செங்குத்து, ஆகவே அதன் நீளத்தின் வர்க்கம் 0, ஆகவே அது சுழி. “நீளம் 0 என்றால் வெக்டர் சுழி” என்ற இந்த இடத்தைக் குறித்து வையுங்கள். பின்னால் உடைக்கப் போவது இதைத்தான்.

பிரித்தெழுதும் நிரூபணம்: இங்கே நேரம் செலவிடுங்கள்

முடிவுள்ள பரிமாணம் கொண்ட உ-வை எடுத்தால், வ-வில் உள்ள எந்த வெக்டரையும் உ-வில் ஒரு பகுதி, உ⊥-இல் ஒரு பகுதி என்று ஒரே ஒரு விதமாகப் பிரிக்கலாம். இந்தப் பாடத்தின் முதுகெலும்பு இது. மற்றவை இதிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

நிரூபணம் சொல்வது: உ-வுக்கு ஒன்றுக்கொன்று செங்குத்தான அடுக்களத்தை எடு. கொடுத்த வெக்டருக்கு அந்த ஒவ்வொன்றின் மேலும் உள்ள வீழலை (அதன் திசையில் இருக்கும் பகுதியை) கண்டு கூட்டு. அந்தக் கூட்டல் உ-வில் இருக்கிறது. அதைக் கழித்தால் மிஞ்சுவது அடுக்களத்தின் ஒவ்வொரு வெக்டருக்கும் செங்குத்து, ஆகவே உ⊥-இல் இருக்கிறது.

இதை (3, 2, 2, 0) என்ற வெக்டரில் ஓட்டுவோம். உ மேலே பார்த்ததே. க·ச = 1 என்பதால் நம்மிடம் இருப்பது செங்குத்து அடுக்களம் அல்ல. கிராம்–ஷ்மிட் முறைப்படி ச-விலிருந்து க-வின் திசையிலுள்ள பகுதியைக் கழிக்க வேண்டும். க·க = 6, எனவே ச − (1/6)க. பின்னத்தைத் தவிர்க்க 6-ஆல் பெருக்கினால் (−1, 4, 6, −7). க-வுடன் சரிபார்க்க: −1 + 8 − 7 = 0.

இனி வீழல்கள். க-வுடன் புள்ளிப் பெருக்கம் 3 + 4 = 7; 6-ஆல் வகுத்தால் 7/6. புதிய வெக்டருடன் −3 + 8 + 12 = 17; அதன் நீள வர்க்கம் 1 + 16 + 36 + 49 = 102; வகுத்தால் 1/6. கூட்டுங்கள்:

(7/6)(1, 2, 0, 1) + (1/6)(−1, 4, 6, −7) = (1, 3, 1, 0)

மிச்சம் (3, 2, 2, 0) − (1, 3, 1, 0) = (2, −1, 1, 0). அது நாம் முன்பே கண்ட ப! பிதாகரஸ் தேற்றத்தை வைத்துச் சரிபார்த்தால் முழு வெக்டரின் நீள வர்க்கம் 17, பகுதிகளுடையவை 11, 6.

செங்குத்தாக்கும் படியைத் தாண்டிக் குதித்து, க, ச இரண்டின் மேலும் நேராக வீழல் எடுத்துக் கூட்டுவதுதான் இந்தக் கணக்கின் பேர்போன பிழை. அப்படிச் செய்தால் (7/6)க + (4/3)ச வரும். அதைக் கழித்தால் மிச்சம் (11/6, −5/3, 2/3, 1/6). க-வுடன் பெருக்கினால் −4/3. 0 வரவில்லை. ஏன் என்று நிரூபணத்தில் தேடுங்கள்: “அடுக்களத்தின் ஒவ்வொரு வெக்டருக்கும் செங்குத்து” என்ற வரியில், மற்ற வீழல்கள் அடிபட்டுப் போவதற்கு அடுக்கள வெக்டர்கள் தமக்குள் செங்குத்தாக இருக்க வேண்டியிருந்தது. இந்த ஒரு பிழையைக் கையால் செய்து பார்த்தவருக்கு அந்த நிபந்தனை பிறகு மறக்காது.

கிராம்–ஷ்மிட் வேண்டாம் என்றால், க-வின் கெழுவையும் ச-வின் கெழுவையும் ஒரே நேரத்தில் தீர்க்கலாம். கெழுக்களைத் த, ந என்று வைத்தால் 6த + ந = 7, த + 3ந = 4; விடை இரண்டும் 1. மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களின் கூட்டலை மிகக் குறைவாக்கும் முறையில்) வரும் சமன்பாடுகள் இவையே.

இன்னொன்றும் இங்கே தெளிவாகும். (3, 2, 2, 0) உ-விலும் இல்லை, உ⊥-இலும் இல்லை. கணங்களின் நிரப்பியைப் போல இதை நினைத்து, “உ-வில் இல்லை, ஆகவே உ⊥-இல் இருக்கிறது” என்று எழுதுபவர்கள் அநேகம். நிரூபணத்தில் அந்த ஒரு வாக்கியம் வந்தால் அதற்குக் கீழே உள்ள எதையும் படிக்க வேண்டியதில்லை.

நிரப்பியின் நிரப்பி

உ⊥⊥ = உ என்பதில் ஒரு பக்கம் இலவசம்: உ-வில் உள்ளது உ⊥-இல் உள்ள எல்லாவற்றுக்கும் செங்குத்து, ஆகவே உ⊥⊥-இல் இருக்கிறது. மறு பக்கத்துக்குத்தான் உழைப்பு. உ⊥⊥-இல் ஒரு வெக்டரை எடுத்துப் பிரித்தெழுதுங்கள்: உ-வில் ஒரு பகுதி, உ⊥-இல் ஒரு மிச்சம். முழு வெக்டரும் உ⊥⊥-இல் இருக்கிறது. முதல் பகுதியும் (இலவசப் பக்கத்தால்) உ⊥⊥-இல் இருக்கிறது. ஆகவே மிச்சமும் அங்கேயே இருக்க வேண்டும். ஆனால் மிச்சம் உ⊥-இலும் இருக்கிறது. எனவே அது தனக்குத் தானே செங்குத்து, எனவே சுழி.

இன்னொரு நிரூபணம் பரிமாணத்தை எண்ணுவது. வ-வுக்கு 4 பரிமாணம், சாராத சமன்பாடுகள் 2, ஆகவே உ⊥-க்கு 4 − 2 = 2. இன்னொரு முறை எண்ணினால் உ⊥⊥-க்கும் 2. ஒன்றுக்குள் ஒன்று இருந்து பரிமாணமும் சமமென்றால் இரண்டும் ஒன்றே. பாடப்புத்தகம் இவற்றில் ஒன்றைத்தான் கொடுத்திருக்கும், இரண்டையும் படியுங்கள். இவை வெவ்வேறு நிபந்தனைகளில் உயிர் பிழைக்கும்.

இனி உடைத்தல்

0, 1 என்ற இரண்டே எண்கள், 1 + 1 = 0. இந்த எண்களில் 2 பரிமாண வெளியை எடுத்து, (1, 1) உருவாக்கும் உள்வெளியைப் பாருங்கள். (1, 1)·(1, 1) = 1 + 1 = 0. அதாவது உ⊥ = உ. பிரித்தெழுதும் நிரூபணத்தை ஓட்டினால் வீழலில் நீள வர்க்கத்தால் வகுக்கும் இடத்தில் 0-ஆல் வகுக்க வேண்டிவரும், அங்கேயே நின்றுவிடும். ஆனால் பரிமாணக் கணக்கு 1 + 1 = 2 என்று சரியாகவே வருகிறது, உ⊥⊥ = உ என்பதும் பிழைக்கிறது. முதல் நிரூபணம் செத்த இடத்தில் இரண்டாவது நடக்கிறது. இது விளையாட்டு எடுத்துக்காட்டு மட்டுமல்ல; பிழை திருத்தும் குறிமுறைகளில் தன் நிரப்பியாகத் தானே இருக்கும் குறிமுறைகள் உண்மையிலேயே பயன்படுகின்றன.

கலப்பெண்களிலும் இதே விபத்து காத்திருக்கிறது. (1, √−1) என்பதைத் தன்னுடனே சாதாரணமாகப் பெருக்கினால் 1 − 1 = 0. அதனால்தான் கலப்பெண் வெளியில் ஒரு பக்கத்துக்கு இணை எண் (√−1-இன் குறியை மாற்றி எழுதியது) எடுக்கிறோம்; அப்போது 1 + 1 = 2 வரும். அணியை வைத்து நிரப்பி காணும்போதும் நிரைகளில் இணை எண்களை எழுத மறந்தால் விடை தவறும். இங்கே சரியான நிரப்பியை (√−1, 1) உருவாக்குகிறது.

மூன்றாவது உடைப்பு முடிவிலிப் பரிமாணம். உறுப்புகளின் வர்க்கங்களைக் கூட்டினால் முடிவுள்ள எண் வரும் தொடர்வரிசைகளின் வெளி வ. அதில் ஏதாவது ஓர் இடத்துக்குப் பிறகு (அந்த இடம் தொடர்வரிசைக்குத் தொடர்வரிசை மாறலாம்) எல்லாம் 0 ஆகிவிடும் தொடர்வரிசைகள் உ. ஓர் இடத்தில் மட்டும் 1, மற்ற இடங்களில் 0 என்பவை எல்லாம் உ-வில் இருக்கின்றன. அவை எல்லாவற்றுக்கும் செங்குத்தான வெக்டரின் ஒவ்வோர் உறுப்பும் 0. ஆகவே உ⊥-இல் சுழி மட்டுமே, உ⊥⊥ முழு வெளி. ஆனால் (1, 1/2, 1/4, …) உ-வில் இல்லை. வீழல்களைக் கூட்டும் வரியைப் பாருங்கள்: இங்கே முடிவில்லாத வீழல்கள் இருக்கின்றன, கூட்டினால் அந்த வெக்டரே திரும்ப வருகிறது, அது உ-வை விட்டு வெளியே இருக்கிறது. “கூட்டல் உ-வில் இருக்கிறது” என்ற அப்பாவி வாக்கியம்தான் முடிவுள்ள பரிமாணத்தைப் பயன்படுத்திய வரி. ஹில்பர்ட் வெளியில் (மேலே உள்ள வ போன்ற, எல்லைகள் வெளியே தப்பாத உட்பெருக்க வெளியில்) மூடிய உள்வெளி (தன் தொடர்வரிசைகளின் எல்லைகளையும் தன்னுள் கொண்டது) என்ற நிபந்தனை கேட்பதும் இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

கூட்டலும் வெட்டும்

உ-வில் ஒன்றும் எ-வில் ஒன்றும் கூட்டிக் கிடைப்பவை உ + எ; இரண்டுக்கும் பொதுவானவை உ ∩ எ. (உ + எ)⊥ = உ⊥ ∩ எ⊥ என்பதை நேராக நிரூபித்துவிடலாம். ஆனால் (உ ∩ எ)⊥ = உ⊥ + எ⊥ என்பதை நேராகத் தாக்கினால், இடப்பக்கத்து வெக்டரை இரண்டாகப் பிரிக்க வழி தெரியாமல் முட்டிக்கொள்வீர்கள். முடிவுள்ள பரிமாணத்தில் முதல் வாய்பாட்டை உ⊥, எ⊥ இரண்டுக்கும் பயன்படுத்துங்கள்: (உ⊥ + எ⊥)⊥ = உ ∩ எ. இரு பக்கமும் நிரப்பி எடுத்தால் முடிந்தது. எண்ணில் பார்க்க: மூன்றாம் உறுப்பு 0 ஆன தளம், முதல் உறுப்பு 0 ஆன தளம். வெட்டு இரண்டாம் அச்சு. அதன் நிரப்பி முதல், மூன்றாம் அச்சுகளின் தளம். தனித்தனி நிரப்பிகள் மூன்றாம் அச்சும் முதல் அச்சும். அவற்றைக் கூட்டினால் தளம் கிடைக்கிறது. சேர்ப்புக் கணம் எடுத்தால் இரண்டு கோடுகளோடு நின்றுவிடும்.

கையில் எடுக்க இரண்டு கணக்குகள்

3×3 மெய்யெண் அணிகளின் வெளியில், ஒத்த இடத்து உறுப்புகளைப் பெருக்கிக் கூட்டுவது உட்பெருக்கம். சமச்சீர் அணிகளின் நிரப்பி என்ன? எதிர் சமச்சீர் அணிகள். அவை நிரப்பிக்குள் இருக்கின்றன என்பதை மூலைவிட்டத்தின் இரு பக்க உறுப்புகளை ஜோடியாக அடித்துக் காட்டுங்கள்; பிறகு 6 + 3 = 9 என்று எண்ணி முடியுங்கள். 2×2-இல் ஓட்டிப் பார்க்க, நிரைகள் (1, 4), (2, 3) உள்ள அணியைப் பிரித்தால் (1, 3), (3, 3) என்பதும் (0, 1), (−1, 0) என்பதும் வரும். நீள வர்க்கம் 30 = 28 + 2.

அடுத்தது: படி 2-க்கு மிகாத பல்லுறுப்புக் கோவைகள், பெருக்கி 0 முதல் 1 வரை தொகையிடுவது உட்பெருக்கம். மாறிலிகளின் நிரப்பியைக் கேட்டால் ய, ய² என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. சாராமையையும் செங்குத்தையும் குழப்பியதன் விளைவு. ய-வின் தொகை 1/2, ய²-இன் தொகை 1/3. ஆகவே ய − 1/2, ய² − 1/3 என்பவை அடுக்களம். எல்லையை −1 முதல் 1 வரை என்று மாற்றினால் ய அப்படியே நிரப்பிக்குள் வந்துவிடும், ய² − 1/3 மாறாது. உட்பெருக்கம் மாறினால் நிரப்பியும் மாறும் என்பதால், விடை எழுதும் முன் எந்த உட்பெருக்கம் என்பதைக் கேள்வியில் இன்னொரு முறை படியுங்கள்.